அச்சகத்தில் ஒரு தொட்டில்

கேள்வி: ஒரு காலத்தில் அச்சகமாக இருந்த பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியை வீடாக வாங்கியிருக்கிறோம். அறைகள் கிடையாது, 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், நாலரை மீட்டர் உயரத்தில் ஒரே கூடம். செங்கல் சுவர், பாதி கான்கிரீட் தரை, பாதி பழைய மரப்பலகைத் தரை, நடுவே இரண்டு இரும்புத் தூண்கள், ஒரு பக்கம் முழுவதும் இரும்புச் சட்ட ஜன்னல்கள். முன்பு இருந்தவர் ஓர் இடைத்தளம் கட்டி, படுக்கை வசமாக இழுத்துக் கட்டிய எஃகு வடங்களால் கைப்பிடி அமைத்திருக்கிறார். மகளுக்கு 4 வயது. மகன் இப்போதுதான் தவழத் தொடங்கியிருக்கிறான். கட்டடத்தின் கரடுமுரடான அழகு கெடவே கூடாது என்கிறார் கணவர். இது வீடா, கிடங்கா என்கிறார் மாமியார். ஒரு குழந்தை அழுதால் நாலு குழந்தை அழுவதுபோல் சத்தம் எதிரொலிக்கிறது. மகளுக்கு இடைத்தளத்தில் தனி அறை வேண்டுமாம், தூண்களுக்கு நடுவே ஊஞ்சலும் வேண்டுமாம். பழைய அச்செழுத்து அலமாரி ஒன்றும் இங்கேயே இருந்தது. அதிலுள்ள எழுத்துகளை எடுத்துத் தன் பெயரைக் கோத்து விளையாடுவது அவளுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அழகும் குறையாமல், குழந்தைகளும் நிம்மதியாக வளர, எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிறம், திரைச்சீலை, சோபா எல்லாம் பிறகு. முதலில் அந்த எழுத்து அலமாரியைப் பூட்டுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்பே பூட்டிவிட்டாலும் நல்லதுதான்.

அச்சுக்கோக்கும் உலோக எழுத்துகள் ஈயத்தில் வார்க்கப்பட்டவை. ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்ந்திருக்கும் என்றாலும் பெரும்பங்கு ஈயம்தான். மகள் பெயர் கோக்கும் காட்சி அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் எதைத் தொட்டாலும் விரல் வாய்க்குப் போகிற வயது அது. எழுத்துகளைவிட எனக்குக் கவலை தருவது, அந்த இழுப்பறைகளின் மூலைகளில் படிந்திருக்கும் சாம்பல் நிறத் தூள். பல ஆண்டுகள் எழுத்தோடு எழுத்து உரசித் தேய்ந்து உதிர்ந்தது அது. ஒவ்வொரு முறை இழுப்பறையைத் திறக்கும்போதும் கொஞ்சம் வெளியே வரும், தரையில் விழும், அந்தத் தரையில்தான் உங்கள் மகன் தவழ்கிறான்.

ஈயத்துக்கு ‘இவ்வளவு வரை பாதகமில்லை’ என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுங்கப்படும் ஈயத்தைச் சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைப் போல் நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்கிறது. மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பாதிக்கும்; வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலே இருக்கலாம். ஆகவே இருவருக்கும் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, சாதாரண ரத்தப் பரிசோதனைதான். அதுவரை குழந்தைகளின் கைகளைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். கிருமிநாசினித் திரவம் ஈயத்தூளை அகற்றாது.

அடுத்து அந்த மரப்பலகைத் தரை. அச்சுக்கோத்த இடமும் எழுத்து வார்த்த இடமும் எங்கே இருந்தன என்று இப்போது யாருக்கும் தெரியாது. பலகை இடுக்குகளுக்குத் தெரியும். பழைய மரத்தரை கிடைத்தவுடன் எல்லோரும் செய்யும் முதல் வேலை, இயந்திரம் வைத்து இழைத்து மெருகேற்றுவது. உங்கள் வீட்டில் அதைச் செய்யாதீர்கள். இடுக்கில் அடங்கிக் கிடப்பதை நீங்களே காற்றில் பறக்கவிட்டதாகிவிடும். ஈரத் துணியால் தரையில் குறிப்பிட்ட பரப்பைத் துடைத்தெடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். முடிவு வரும்வரை துடைப்பத்தை ஓரம் கட்டிவிட்டு, ஈரமாக மட்டும் துடையுங்கள். வேக்குவம் கிளீனர் என்றால் நுண்தூளையும் பிடித்துவைக்கும் ஹெபா வடிகட்டி உள்ளதாக இருக்க வேண்டும். மற்றவை நுண்தூளைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். தூணிலும் ஜன்னல் சட்டத்திலும் உள்ள பழைய பெயின்டையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். இரும்பு துருப்பிடிக்காமலிருக்க அந்தக் காலத்தில் அடித்த செம்பூச்சு பெரும்பாலும் ஈயப் பூச்சு. வீட்டுப் பெயின்டில் ஈயத்தை அமெரிக்கா தடை செய்ததே 1978-இல்தான். குழாய்களைச் சுற்றி வெள்ளையாக, கட்டுப் போட்டதுபோல் உறை ஏதேனும் இருந்தால் அது, இழைகள் மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்; உரிக்காதீர்கள், துளையிடாதீர்கள், அதற்கென்று பயிற்சி பெற்றவரை அழையுங்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று கணவர் நினைத்தால் ஹோபோக்கன் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள அந்த ஊரில், பாதரச ஆவி விளக்குகள் தயாரித்த பழைய தொழிற்சாலை ஒன்று 1990களில் வீடுகளாக மாறியது. தரைக்கடியில் பாதரசம் தேங்கியிருந்தது பிறகுதான் தெரியவந்தது. 1996-இல் குழந்தைகள் உட்பட எல்லோரையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. தொழிற்கூடத்தை வீடாக்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இங்கே என்ன தயாரித்தார்கள் என்பதுதான். உங்களுக்கு அதன் விடை தெரிந்திருக்கிறது. அது பெரிய வசதி.

தரையில் ஈயம் இருப்பதாகத் தெரிந்தால் முறையாகச் சுத்தம் செய்து, மேலே ஒட்டுப்பலகை பரப்பி, அதன்மேல் கார்க் தரை போட்டு மூடிவிடலாம். பழைய பலகை மறைந்துபோகும், கணவர் வருந்துவார், வருந்தட்டும். கார்க் கால்களுக்குக் கதகதப்பாக இருக்கும், விழுந்தால் கொஞ்சம் மெத்தென்றிருக்கும், கீழ்வீட்டுக்காரருக்குத் தடதடப்பும் குறையும். எழுத்து அலமாரியின் இழுப்பறைகளில் ஒன்றை, ஈரமாக நன்கு துடைத்து, கண்ணாடி போட்டு மூடி, பெரியவர்களின் கண் உயரத்தில் சுவரில் மாட்டிவிடலாம். மகளுக்கு விளையாடப் புதிதாகச் செய்த மர எழுத்துகள் போதும். பெயர்தானே கோக்கப் போகிறாள்!

இனி வீட்டுக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் கணவர் ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம், நீங்கள் நடுவில். இந்தச் சண்டையைத் தீர்க்க நான் கூடத்தைக் குறுக்கே பிரிக்க மாட்டேன், உயரத்தில் பிரிப்பேன். தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் வரை குழந்தைகளின் ஆட்சி. அதற்கு மேலுள்ள மூன்று மீட்டர் சொச்சமும் அந்தப் பழைய கட்டடத்துக்குச் சொந்தம். செங்கல், இரும்பு விட்டம், தொங்கும் விளக்கு, ஓவியம் எல்லாம் மேலே தங்கள் போக்கில் இருக்கட்டும். கீழே மென்மை, வட்டமான விளிம்பு, துடைத்தால் போகிற பூச்சு. இப்படித் தொழிற்கூடத்தை மாற்றி அமைத்த ‘லாஃப்ட்’ வீட்டின் அழகு அதன் உயரத்தில்தான் இருக்கிறது. குழந்தையின் உலகமோ தரையில். இந்த வசதி எட்டடி உயர அறைகளில் வாழ்பவர்களுக்குக் கிடையாது.

செங்கல் சுவரை முழுவதும் பூசி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கீழ்ப்பகுதியைத் திறந்து விடவும் வேண்டாம். குழந்தையின் முழங்கையும் பழைய செங்கலும் உரசினால் எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விளையாடும் பக்கத்துச் சுவரில் 1.2 மீட்டர் உயரம் வரை, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் மெல்லிய மரப்பலகைகளைச் செங்குத்தாக அடித்துப் பெயின்ட் பூசுங்கள். வெளிச்சுவராக இருந்தால் பின்னால் சிறிது காற்றோட்ட இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பலகையின் மேல் விளிம்பில் ஒரு சாண் அகல நீளத்தட்டு. அந்தத் தட்டின் கோடுதான் நான் சொன்ன எல்லைக்கோடு. மேலே உள்ள செங்கல் இணைப்புகளில் காரை உதிர்ந்தால் சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள். மென்மையான பழைய செங்கலுக்குச் சுண்ணாம்புக் காரைதான் பொருந்தும். சிமென்ட் வைத்தால் ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாகப் போய், நாளடைவில் செங்கலின் முகமே சிதறும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சுட்ட செங்கலின் கெட்டியான மேல்தோல் அதில் போய்விடும்.

இரும்புத் தூண்களுக்கு நான் விரும்பிச் செய்வது, பழைய பூச்சைச் சரிபார்த்து மூடிய பிறகு, தடித்த சணல் கயிற்றை 1.2 மீட்டர் உயரம் வரை நெருக்கமாகச் சுற்றிவிடுவது. உங்கள் தூண்கள் உருளையா, விளிம்புள்ளவையா என்று எழுதவில்லை. விளிம்பு இருந்தால் முதலில் கம்பளி ஃபெல்ட் பட்டை ஒட்டி அதன்மேல் கயிறு. அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சுற்றையும் சுத்தியலால் மெல்லத் தட்டி இறுக்க வேண்டும். கயிற்றின் முனையைக் கடைசிச் சுற்றுகளுக்கு அடியில் செருகிவிட வேண்டும், இல்லையென்றால் ஒரே வாரத்தில் பிரித்து இழுத்துவிடுவார்கள். சந்தையில் கிடைக்கும் ரப்பர் விளிம்புக் காப்புகளைவிட இது பல மடங்கு பார்வையாக இருக்கும். தொழிற்கூடத்தில் கயிறு ஒன்றும் அந்நியப் பொருளில்லை.

இடைத்தளத்தைப் பற்றி என் தீர்ப்பு கடுமையானது. அது பெற்றோருக்கு. மகள் எவ்வளவு அழுதாலும் இப்போதைக்கு அவளுக்கில்லை. அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில்கூட 6 வயது நிரம்பாதவர்களைப் படுக்கவிடக் கூடாது என்பது பரவலான அறிவுரை. நீங்கள் சொல்வது அதைவிட உயரம். தூக்கக் கலக்கத்தில் எழுந்து வரும் குழந்தைக்குப் படி எங்கே, விளிம்பு எங்கே என்று தெரியாது. அந்த எஃகு வடக் கைப்பிடி பத்திரிகைப் படங்களில் பிரமாதமாக இருக்கும். குழந்தைக்கு அது ஏணி. போதாததற்கு வடங்கள் நெகிழும். இரண்டு வடங்களைச் சிறு கைகளால் விலக்கித் தலையை நுழைத்துவிட முடியும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்து நுழையக்கூடிய இடைவெளி எங்கும் இருக்கக் கூடாது என்பது பல நாடுகளின் கட்டட விதி. வடங்களை அகற்றிவிட்டு நெருக்கமான செங்குத்துக் கம்பிகள் வையுங்கள். அல்லது, எனக்கு இதுதான் பிடிக்கும், துளையிட்ட எஃகுத் தகடு போடுங்கள். ஒளி ஊடுருவும், பிடித்து ஏற எதுவும் கிடைக்காது, கட்டடத்தின் சாயலும் மாறாது. துளை விரல் நுழைந்து சிக்காத அளவு சிறியதாக இருக்கட்டும். கைப்பிடிக்கு அருகில் நாற்காலியோ பெட்டியோ வைக்காதீர்கள். படிக்கட்டின் மேல்முனையில் வைக்கும் தடுப்புக் கதவு சுவரில் திருகாணியால் பொருத்தியதாக இருக்க வேண்டும்; இரு பக்கமும் அழுத்தத்தில் நிற்கும் வகை கீழ்முனைக்கு மட்டும்தான்.

மகளுக்கு என்ன கொடுப்பது? இடைத்தளத்துக்கு அடியில் இருக்கும் இடத்தை. நாலரை மீட்டர் உயரக் கூடத்தில் குழந்தைகளுக்கு ஒண்டிக்கொள்ள ஒரு பொந்து தேவைப்படும். தாழ்ந்த கூரையுள்ள அந்த இடம் அவர்களுக்குத்தான் பொருந்தும். மூன்று பக்கம் சுவர் எழுப்பி, மேல்பாதியில் வெளி ஜன்னல்களைப் போலவே இரும்புச் சட்டக் கண்ணாடி வைத்தால் பகல் வெளிச்சம் உள்ளே வரும். உள்பக்கம் தடித்த இருட்டுத் திரை போட்டால் மதியத் தூக்கமும் வரும். கண்ணாடி உடைந்தாலும் சிதறாத வகையாக இருக்க வேண்டும். இங்கே ஒரு விஷயத்தை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். அந்த அறையிலிருந்து வீட்டு வாசலுக்கு வரும் வழி அடுப்பைக் கடந்து போகிறதா? அப்படியானால் அறையின் வாயிலையோ அடுப்பின் இடத்தையோ மாற்றியாக வேண்டும். திறந்த கூடத்தில் தீப்பிடித்தால் புகை முதலில் நிரம்புவது மேலே, அதாவது நீங்கள் படுத்திருக்கும் இடைத்தளத்தில். ஆகவே மேலேயும் கீழேயும் குழந்தைகளின் அறைக்குள்ளும் புகை எச்சரிக்கைக் கருவிகள், ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும்படி இணைத்து. கூரையில் தானியங்கித் தீயணைப்புத் தெளிப்பான்கள் இருந்தால் புதிய அறைக்குள்ளும் அதை நீட்டிக்கச் சொல்லுங்கள். அதன் முனைக்குக் கீழே அரை மீட்டர் அளவுக்கு எதையும் அடுக்காதீர்கள். சுவர் எழுப்பும் முன் உள்ளூர்க் கட்டட அனுமதி அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

சத்தம். இதைத்தான் எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள்; குழந்தைகள் உள்ள வீட்டில் நிம்மதியை முதலில் கெடுப்பது இதுதான். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை அரங்கு ஒன்றில் பேசும் சொல் ஐந்து விநாடிக்கும் மேலாகக் காற்றிலேயே நின்று அடுத்த சொல்லோடு குழம்பியது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து, திரும்பக் கொண்டுபோய் வைத்து, கடைசியில் ஒரு வாய்பாட்டைக் கண்டுபிடித்தார். கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிரொலி அடங்கும் நேரம் கிடைக்கும்.

உங்கள் கூடத்துக்குப் போட்டுப் பார்த்தேன். 432 கன மீட்டர். சுவர், தரை, கூரை, கண்ணாடி எல்லாம் சேர்ந்து சுமார் 370 சதுர மீட்டர்; எல்லாமே கெட்டிப் பரப்பு என்பதால் இருபதில் ஒரு பங்கு ஒலியைத்தான் உறிஞ்சும். கணக்கு மூன்றரை விநாடியைத் தாண்டுகிறது. அரை விநாடி சுகமாக இருக்கும் இடத்தில் மூன்றரை! உங்கள் மகன் அழுவது நாலு குழந்தையாகக் கேட்பதில் வியப்பில்லை. இதற்குக் கம்பளம் மட்டும் போதாது; அது கூர்மையான ஒலியைத்தான் குறைக்கும். கூரையில் விட்டங்களுக்கு நடுவே, துணி போர்த்திய 5 சென்டிமீட்டர் தடிமனான கனிமக் கம்பளிப் பலகைகளை (கல்லை உருக்கி இழையாக்கிச் செய்தவை) பொருத்துங்கள். விட்டங்கள் வெளியே தெரிந்துகொண்டே இருக்கும், பலகை நிழலில் மறைந்துவிடும். உறிஞ்சும் பரப்பு இப்படி 40 சதுர மீட்டர் கூடினால் நேரம் 1.2 விநாடிக்கு வந்துவிடும். மீதியைக் கனத்த திரைச்சீலையும், நிரம்பிய புத்தக அலமாரியும், பெரிய சோபாவும் பார்த்துக்கொள்ளும். முட்டைத்தட்டு போல் இருக்கும் விலை குறைந்த நுரைப் பலகைகளை மட்டும் வாங்காதீர்கள். சாதாரண பாலியூரித்தேன் நுரை மளமளவென்று எரியும்.

ஜன்னல்களில் தாழ்வாக உள்ள பழைய கண்ணாடிகளில் சிதறாமல் பிடித்துக்கொள்ளும் படலம் ஒட்டுங்கள். திறக்கும் பலகங்கள் 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காதபடி தடுப்பு. திரைகளில் தொங்கும் கயிறு கூடவே கூடாது. அலமாரிகள் எல்லாம் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். காரை இணைப்பில் அல்ல, கெட்டியான செங்கலிலேயே துளையிட்டு.

தொழிற்கூட அழகு என்ற பெயரில் விற்கப்படும் பழைய இரும்புச் சக்கர வண்டிகள், பூட்டு அலமாரிகள், கனத்த மூடியுள்ள பெட்டிகள் மீது உங்கள் கணவருக்கு ஒரு கண் இருக்கும் என்று ஊகிக்கிறேன். வண்டி விரலை நசுக்கும், அதன் பெயின்ட் சந்தேகத்துக்குரியது, அலமாரியும் பெட்டியும் குழந்தை உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும் இடங்கள். இப்போது வேண்டாம். பொம்மைகளுக்கு, தரையோடு தாழ்ந்த, மூடியில்லாத மரப்பெட்டிகள் ஆறேழு, அடியில் தடுப்புள்ள ரப்பர் சக்கரங்களோடு. மாலையில் எல்லாவற்றையும் நீளத்தட்டுக்கு அடியில் தள்ளிவிட்டால் கூடம் மறுபடி உங்களுடையது.

நிறத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு வரி: செங்கல் ஏற்கெனவே ஒரு நிறம், உரத்த நிறம். அதோடு போட்டியிடாமல் பலகை அடித்த கீழ்ப்பகுதிக்குக் கரும்பச்சையோ, மங்கலான நீலமோ, ஒன்றே ஒன்று போதும். குழந்தைகள் என்றாலே வானவில் பூச வேண்டும் என்பது பெரியவர்களின் கற்பனை. அவர்களுடைய பொம்மைகளும் ஓவியங்களும் உடைகளும் கொண்டுவரும் நிறமே தாராளம். மாமியார் வந்து உட்காருவதற்கு ஜன்னலோரம் முதுகு சாயும் உயரமான நாற்காலி ஒன்று, பக்கத்தில் தாழ்வான மஞ்சள் ஒளி விளக்கு ஒன்று வையுங்கள். கிடங்கு என்று அவருக்குத் தோன்றுவதற்குக் காரணம், வெளிச்சம் எல்லாம் நாலரை மீட்டர் உயரத்திலிருந்து வருவதுதான்.

கடைசியாக ஊஞ்சல். தரலாம், தர வேண்டும்; இவ்வளவு உயரமான கூடம் இருந்தும் ஊஞ்சல் இல்லையென்றால் எப்படி? ஆனால் கொக்கியை மாட்டுவதற்கு முன் கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்து விட்டத்தைக் காட்டுங்கள். ஆடும்போது விழும் சுமை, அசையாமல் உட்கார்ந்திருக்கும் எடையைவிட வெகு அதிகம். கூரைப் பலகையிலோ குழாயிலோ மாட்டக் கூடாது; முதன்மை விட்டத்தில் மட்டும். நடுவிலுள்ள தூண்களுக்கு இடையே என்று மகள் கேட்பது சரியான இடமில்லை. ஊஞ்சல் பக்கவாட்டில் முறுகினால் தூணில்தான் போய் மோதும். ஜன்னலை நோக்கியும் ஆடக் கூடாது, ஜன்னலுக்கு இணையாக ஆட வேண்டும். முன்னும் பின்னும் இரண்டிரண்டு மீட்டருக்குக் குறையாமல் காலியிடம், அடியில் தடித்த பாய். கயிறுகளைக் கழற்றி மாட்டும் வகைக் கொக்கியாக வாங்குங்கள். தம்பி ஊஞ்சலுக்குப் பின்னால் தவழ்ந்து வரும் இந்தச் சில மாதங்களில், நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரமெல்லாம் அது கழற்றி மேலே வைக்கப்பட்டிருக்க வேண்டும்.